மிதித்தால் நிற்கும் வைப்பர்

ஆறு வருடமாக என் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத அத்தான், ஒரு மத்தியானம் தானாகவே வந்து நின்றார். அத்தான் என்றால் என் பெரியக்காவின் கணவர். பின்னால் அந்தப் பழைய ஜீப்.

"வண்டியை வாங்க ஒருத்தர் வர்றாரும்மா. பழைய வண்டிப் பைத்தியம். எஞ்சின் எல்லாம் பார்த்தாச்சு. வைப்பர்தான் பாக்கி. கரண்டு மோட்டார் போட்டா வேணாங்கறாரு. அந்தக் காலத்து காத்து மோட்டாரே ஓடணுமாம்."

"ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"இதைப் பார்த்தாலே எல்லாரும் கையெடுத்துக் கும்பிடறாங்க. உன்னை விட்டா யாரு இருக்கா?"

என்னை விட்டால் யாரும் இல்லையாம். இதே வாய்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், "பொம்பளை கையில மோட்டாரைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று ஊரே கேட்கக் கத்தியது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். பூனை ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்க அத்தான்" என்றது.

நடந்தது இதுதான். அந்த ஜீப்பின் இரண்டு வைப்பர் மோட்டார்களையும் நான்தான் பழுது பார்த்தேன். அடுத்த வாரம் அத்தான் என் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மழையில் கிளம்பினார். வழியில் ஒரு பாலத்தின் சுவரில் வண்டி மோதியது. அத்தானுக்கு நெற்றியில் நாலு தையல். தம்பிக்கு வலது முழங்கால் போயிற்று. அன்றிலிருந்து அது மடங்காது. பந்தை வைத்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடியவன், இன்று குளியலறைக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்கிறான்.

"வளைவு வந்ததும் காலை எடுத்துட்டேன். மெதுவாத்தான் வந்தேன். ரெண்டு வைப்பரும் பட்டுனு நின்னுபோச்சு. எதிர்ல ஒண்ணும் தெரியலை." இதுதான் அத்தானின் வாக்குமூலம். தம்பியும் அதையே சொன்னான். தூங்கிக்கொண்டு வந்தவன், மோதுவதற்கு முன் வந்த குலுக்கலில் கண்ணைத் திறந்தபோது, இரண்டு வைப்பரும் கண்ணாடியில் அசையாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறான். அவன் பொய் சொல்லமாட்டான். அதற்குப் பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. என்னிடம் ஏதாவது கேட்கவேண்டும் என்றால் சுவரைப் பார்த்துக் கேட்பான்.

இந்த மோட்டாருக்கு மின்சாரம் கிடையாது. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கிறதே, அந்த உறிஞ்சலில்தான் ஓடும். ஒரு ரப்பர் குழாய் எஞ்சினிலிருந்து இரண்டு மோட்டாருக்கும் பிரிந்து போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினின் வாய் மூடிக்கொள்ளும், குழாயில் உறிஞ்சல் பலமாக இருக்கும், வைப்பர் பறக்கும். நன்றாக மிதித்தால் வாய் திறந்துகொள்ளும், உறிஞ்சல் போய்விடும், வைப்பர் படுத்துவிடும். வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு உறிஞ்சுகுழலில் ஜூஸ் குடிக்க முடியுமா? அவ்வளவுதான்.

காலை எடுத்த நேரத்தில் இரண்டும் சேர்ந்து நின்றன என்று அத்தான் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. சொல்லியும் பார்த்தேன். காற்று, குழாய், உறிஞ்சல் என்று நான் விளக்க விளக்க எல்லாருடைய முகமும் இறுகியது. "தப்பு பண்ணவளுக்குத்தான்டி விளக்கம் நீளமா இருக்கும்" என்றாள் பெரியக்கா. மோட்டாரைத் திறந்து பார்க்கிறேன் என்றேன். "நடந்தது நடந்துபோச்சு, கிளறாதே" என்று அத்தான் ஷெட்டைப் பூட்டிவிட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது ஆறு வருடம் கொழுத்து வளர்ந்தது.

ஆனால் எனக்கும் ஒரு பயம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. மோட்டாருக்குள் ஒரு தகடு இப்படியும் அப்படியும் ஆடும். காற்று கசியாமல் இருக்க அதன் ஓரத்தில் தோல் வைத்திருக்கும். அந்தத் தோலை வெட்டியது என் கத்தி. ஒருவேளை அது கிழிந்திருந்தால்?

"செஞ்சு தரேன் அத்தான். கூலி வேணாம். ஒரே ஒரு நிபந்தனை. நல்ல மழையில நீங்கதான் ஓட்டிக் காட்டணும். தம்பியும் பெரியக்காவும் கூட வரணும்."

"அவ்வளவுதானா?" சிரித்தார். மச்சினிக்கு மன்னிப்புக் கேட்க ஆசை, அதற்கு ஒரு சாக்கு தேடுகிறாள் என்று நினைத்திருப்பார்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு மோட்டார்களைக் கழற்றினேன். குழாய் மூன்று முனையிலும் கழன்றுபோகாமல் கவ்வியிருந்தது, அறுத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பது என் வழக்கம். யாராவது திறந்தால் பூச்சு விரியும். எட்டு திருகாணியிலும் என் சிவப்புப் பூச்சு அப்படியே இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். தோல் காய்ந்து விறைத்திருந்தது. ஆனால் ஒரு கீறல் இல்லை. இரண்டிலும் இல்லை.

தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அத்தானைத் திட்டினேன். அழுததைவிடத் திட்டியதுதான் சுகமாக இருந்தது.

புதுத் தோல் என்னிடம் இருந்தது. போடவில்லை. அதே பழைய தோல்தான் ஓடவேண்டும். எண்ணெயில் ஊறவைத்து, விரலால் நீவி நீவி இளக்கினேன். குழாய் மட்டும் புதிது. எஞ்சினை ஓடவிட்டுக் குழாயை மாட்டியதும் இரண்டு வைப்பரும் சரக் சரக்கென்று வீசின. பிறகு மழைக்குக் காத்திருந்தேன். மேகம் கூடிக் கலைந்த நாளெல்லாம் எரிச்சலில் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் கொட்டியது. அத்தான் ஸ்டியரிங்கில். பக்கத்தில் தம்பி, காலை நீட்டி உட்காருவதற்கு வசதியாக. பின் பலகையில் நானும் பெரியக்காவும். "அதே வண்டியில இவனை ஏத்தணுமா? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று அவள் முணுமுணுத்தாள். ஈரம் வெளியே போதுமான அளவு இருந்தது.

சமதரையில் வைப்பர்கள் ஒழுங்காக ஆடின. "பாரு, அருமையா ஓடுது!" என்றார் அத்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மேட்டுப் பாதையில் திருப்பச் சொன்னேன். அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. வண்டி திணறியது. "நல்லா மிதிங்க அத்தான்" என்றேன். மிதித்தார்.

இரண்டு வைப்பரும் படுத்துவிட்டன. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். தம்பி முன்பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மறுபடியும் நின்னுபோச்சே! என்னடி பண்ணி வச்சிருக்கே?" என்று அலறி, அத்தான் பயத்தில் காலை எடுத்தார்.

வைப்பர்கள் துள்ளி எழுந்து படபடவென்று அடித்தன. கண்ணாடி பளிச்சென்று துடைத்துக்கொண்டது. வண்டி ஊர்ந்து நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வைப்பர்களையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி, மெதுவாக வாயைத் திறந்தான்.

"அத்தான், மிதிங்க."

"எதுக்குடா..."

"மிதிங்க."

மிதித்தார். வண்டி ஏறியது, வைப்பர் படுத்தது.

"எடுங்க."

எடுத்தார். வைப்பர் பறந்தது.

தம்பி அவரை விடவில்லை. மிதிங்க, எடுங்க, மிதிங்க, எடுங்க. ஒவ்வொரு தடவையும் அத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிப்போனார். அதைக் கண்குளிரப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

மேட்டின் உச்சியில் தம்பி கேட்டான்: "அன்னிக்கு நான் கண்ணைத் திறந்தப்போ இது நின்னுக்கிட்டு இருந்துச்சு. அப்போ உங்க கால் எங்கே இருந்துச்சு, அத்தான்?"

மழை கூரைத் துணியில் அடித்தது. பெரியக்கா என் பக்கத்திலிருந்து முன்னால் சாய்ந்து, "சொல்லுங்க" என்றாள். அவள் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"முன்னாடி ஒரு லாரி... தாண்டிடலாம்னு..." அத்தான் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினார். "தெரியாம நடந்துபோச்சு. ஆஸ்பத்திரியில எல்லாரும் கேட்டாங்களா, பயத்துல உன் பேரைச் சொல்லிட்டேன். தப்புதான்."

தம்பி மடங்காத காலைக் கையால் தூக்கி நகர்த்தி, சிரமப்பட்டுப் பின்னால் திரும்பினான். ஆறு வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, போதுமா? வீட்டுக்குப் போலாமா?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன்.

"போதாதுடா" என்றேன். "அத்தான், மழைச் சத்தத்துல சரியா விழலை. ஆஸ்பத்திரியில எவ்வளவு சத்தமாச் சொன்னீங்களோ, அதே சத்தத்துல இன்னொரு தடவை சொல்லுங்க."