பிணையாக வைத்த துப்பாக்கி

துராப் கான் அந்தத் துப்பாக்கியை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது மீர் ஹம்சா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஜிர்கா என்கிற பஞ்சாயத்துச் சபைக்குக் கூடியிருந்த நாற்பது தாடிகளும் ஒரே குரலில் ஆமீன் சொல்லின. பதிலுக்குத் துராப் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை நீட்டினார். அது நல்ல சாமான்தான், ஆனால் அதைப் பார்க்க யாரும் கழுத்தை நீட்டவில்லை. எல்லார் கண்ணும் ஹம்சாவின் பாட்டன் வெள்ளைக்காரன் முகாமிலிருந்து தூக்கிவந்த த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் மேல்தான் இருந்தது. பாட்டன் ஒற்றை ஆளாக நுழைந்து எடுத்துவந்தார் என்பது ஹம்சாவின் கணக்கு. காவலுக்கு இருந்தவன் காய்ச்சலில் படுத்துக் கிடந்தான் என்பது ஊரின் கணக்கு.

வாய்க்கால் தண்ணீர் முறையில் வந்த தகராறு. போன இலையுதிர் காலத்தில் ஹம்சாவின் தம்பி மண்வெட்டியால் போட்ட போட்டில் துராபின் அண்ணன் மகனுக்கு இடதுகால் முழங்காலில் மடங்காமல் போயிற்று. அடித்தவன் அன்றைக்கே கராச்சிக்கு ஓடிவிட்டான். ஓடியவன் கணக்கை அந்த வீட்டின் அடுத்த இளைய ஆண்பிள்ளைதான் தீர்க்க வேண்டும். அந்த அடுத்த ஆண்பிள்ளை ஹம்சாவின் மகன் ஜவாத். நான்கு வருஷம் ஷார்ஜாவில் கட்டடம் கட்டிவிட்டு, கல்யாணத்துக்காக வரப்போகிறான். சமாதானம் நிலைத்தால் பேருந்தை விட்டு இறங்கி வீடுவரை நடந்து வருவான். இல்லாவிட்டால் நடந்து வர முடியாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் சமாதானம் பேசினால் இரண்டு வீடும் ஆளுக்கொரு துப்பாக்கியைப் பிணையாக மாற்றிக்கொள்ள வேண்டும். இருபத்தொரு நாள் எதிராளி வீட்டில் இருக்கும். விருந்தன்று அவரவர் கையிலிருக்கும் எதிராளியின் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பகை முடிந்தது. ஹம்சா தன் கலாஷ்னிகோவைத்தான் கொண்டுபோயிருந்தார். ஜிர்காவின் தலைவர் ஹாஜி சனோபர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இது சந்தையில கத்திரிக்கா மாதிரி கெடக்குது ஹம்சா. மானத்த வைக்கச் சொன்னா மம்பட்டிய வைக்கிறியே. உன் பாட்டன் சாமான எடுத்துட்டு வா" என்றார். இருபது வருஷமாக ஒரு கல்யாணம் விடாமல், ஒரு எழவு விடாமல் அந்தத் துப்பாக்கியின் பெருமையை அளந்தவர் ஹம்சா. தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா.

விஷயம் என்னவென்றால், பாட்டன் துப்பாக்கி நான்கு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. ஜவாதை ஷார்ஜாவுக்கு அனுப்பப் பெஷாவர் தரகர் ஒருவர் மூலமாக, பழம்பொருள் சேர்க்கும் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுச் சுவருக்கு அதை விற்று அனுப்பிவிட்டார் ஹம்சா. அனுப்புவதற்கு முன் மலைக்கு அந்தப்பக்கத் துப்பாக்கிச் சந்தையில் உஸ்தாத் கமீன் என்பவரிடம் கொண்டுபோய் அச்சு அசலாக ஒரு நகல் செய்துகொண்டார். கமீன் கெட்டிக்காரர். கட்டையை வால்நட் தோல் சாற்றில் ஊறப்போட்டு, புகையில் காட்டி, நூறு வருஷ அழுக்கை ஒன்பது நாளில் ஏற்றினார். பாட்டன் பல் பட்ட இடம் என்று ஹம்சா ஊருக்கெல்லாம் காட்டும் வடுவைக்கூடக் குழந்தைக்கு மச்சம் வைப்பதுபோல வைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லியும் விட்டார்: "கான், இது பழைய ரயில் தண்டவாளத்து இரும்பு. பாக்க அழகு, தூக்க அழகு. ராணுவத் தோட்டா மட்டும் போட்டுறாதீங்க."

ஹம்சா போட்டார். மனுஷப் புத்தி அல்லவா. மேய்ச்சல் காட்டில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ராணுவத் தோட்டாவில் மூன்று சுட்டார். முதலாவது நன்றாகவே போயிற்று. கமீன் வீணாகப் பயமுறுத்துகிறார் என்று சிரித்துக்கொண்டார். இரண்டாவதில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் சிக்கிக்கொண்டது, செருப்பைக் கழற்றி அடித்துத்தான் திறந்தார். வெளியே விழுந்த பித்தளைக் கூடு கர்ப்பிணிபோல இடுப்பில் உப்பியிருந்தது. மூன்றாவதில் கொதிக்கிற ஏதோ ஒன்று பின்னால் பீறிட்டு வலது புருவத்தைப் பொசுக்கிற்று. தந்தூரில் ரொட்டி எடுக்கும்போது சுட்டுக்கொண்டதாக ஊரில் சொன்னார். ரொட்டி எடுக்கிற ஆண்பிள்ளை எங்கள் ஊரில் எவன் என்று ஒருவரும் கேட்கவில்லை, முதுகுக்குப் பின்னால்தான் கேட்டுக்கொண்டார்கள். பிறகு உற்றுப் பார்த்தபோது, போல்ட் பூட்டிக்கொள்ளும் இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. அழுக்கென்று நினைத்து நகத்தால் சுரண்டினார். அது அழுக்கில்லை, விரிசல். அன்றிலிருந்து பாதி வெடிமருந்து மட்டும் அடைத்துக் கமீன் தயாரித்துக் கொடுத்த அரை மருந்துத் தோட்டாதான். கல்யாணங்களில் அதன் சத்தம் கேட்டு, ஆளைப்போலவே துப்பாக்கிக்கும் தொண்டை கட்டிவிட்டதென்று இளவட்டங்கள் சிரிப்பார்கள். ஹம்சாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார்.

இப்போது அது துராப் வீட்டில் இருந்தது. செய்தி மட்டும் தினமும் வந்தது. எங்கள் தெருவில் செய்தி தந்தூரடியில்தான் வேகும், ரொட்டி அதற்குப் பிறகு. ஹம்சாவின் மனைவி ஸர்மினாவிடம் துராபின் மருமகள் சொன்னாளாம், மாமனார் தினம் தொழுகை முடித்ததும் அந்தத் துப்பாக்கியை எடுத்துத் துடைக்கிறாராம், பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படி எண்ணெய் தேய்த்ததில்லையாம். பதினாறாம் நாள் வந்த செய்தியில் ஸர்மினா மாவுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். விருந்தன்று சுட, அந்தத் துப்பாக்கியின் தகுதிக்கேற்ற அசல் ராணுவத் தோட்டா வாங்கிவரப் பெஷாவருக்கு ஆள் போயிருக்கிறது.

"போய்ச் சொல்லிட்டு வந்துருங்க" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"என்னன்னு சொல்ல? சபை நடுவுல பொய்யப் பிணை வச்சேன்னா?"

"அவரு மூஞ்சியில வெடிச்சா மட்டும் சபை வாழ்த்துப் பாடுமா? சொன்னா மானம் போவும். சொல்லலன்னா புள்ள போவும். எது வேணும்னு நீங்களே பாத்துக்குங்க."

மறுநாள் ஹம்சா போனார். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனார். துராப் வாசல்வரை வந்து கட்டித் தழுவி, தலையணையில் சாயவைத்து, ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீரைத் தன் கையால் ஊற்றினார். துப்பாக்கி சுவரில் பச்சைப் பட்டின் மேல் மாட்டியிருந்தது. தன் வீட்டில் இருந்தபோதுகூட அது இத்தனை அசலாக இருந்ததில்லை என்று ஹம்சாவுக்குத் தோன்றியது. துராப் அதன் பெருமைகளை அடுக்கினார், எல்லாம் ஹம்சா என்றைக்கோ அளந்தவை. தன் பொய்கள் இன்னொருவர் வாயில் இவ்வளவு பயபக்தியோடு வருவதைக் கேட்டுக்கொண்டே தேநீரை மடமடவென்று குடித்தார். மூன்றாவது கோப்பை முடிந்ததும், சொல்ல வந்ததற்குப் பதிலாக, சட்டைப் பையிலிருந்து அரை மருந்துத் தோட்டா ஒன்றை எடுத்து நீட்டினார். எங்கள் வீட்டில் இந்தத் தோட்டாவைத்தான் போடுவது, விருந்தன்று இதையே போட்டால் பாட்டன் ஆத்மா குளிரும் என்றார்.

துராப் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து மெல்ல மேலும் கீழும் அசைத்தார். வெல்லம் நிறுக்கிற வியாபாரிபோல.

"லேசா இருக்கே" என்றார்.

"பழைய தோட்டா" என்றார் ஹம்சா.

துராப் அவருடைய பாதி வளர்ந்த வலது புருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோட்டாவைத் தன் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு கோப்பை ஊற்றினார்.

விருந்தன்று துராப் வீட்டு முற்றத்தில் மூன்று ஆடு. மலைபோல் குவித்த சோற்றில் கேரட்டும் திராட்சையும் மின்னின. மடங்காத காலை நீட்டிக்கொண்டு துராபின் அண்ணன் மகன் முதல் வரிசையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், ஆனால் சாப்பிடவில்லை. ஜவாத் நாளை மறுநாள் வருகிறான் என்று ஹம்சா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்படியும் நாலு பேர் அவரிடம் வந்து பையன் நாளை மறுநாள்தானே என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஹாஜி சனோபர் கை காட்டினார். ஹம்சா இரட்டைக்குழலை வானத்துக்கு நீட்டிச் சுட்டு, முத்தமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்தது துராபின் முறை. துராப் எழுந்தார், பச்சைப் பட்டை விலக்கினார், பைக்குள் கையை விட்டுத் தோட்டா ஒன்றை எடுத்தார். எந்தத் தோட்டா என்று ஹம்சா எட்டிப் பார்த்தார். மூடிய உள்ளங்கையிலிருந்து அது நேராகத் துப்பாக்கிக்குள் போய்விட்டது. போல்ட் கடைசி விரலளவில் முரண்டு பிடித்தது. துராப் உள்ளங்கையால் தட்டிப் பூட்டினார்.

அப்புறம்தான் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"ஹாஜி, ஒரு வார்த்த. இவ்ளோ பெரிய மனுசன் துப்பாக்கிய என் தோள்ல வச்சு நான் சுட்டா அது எனக்கு அழகில்ல. பேரன் இங்கயேதான் இருக்காரு. அவரே சுடட்டும். என் பங்கையும் சேத்து அவரே சுட்டதா இருக்கட்டும்."

சபை உருகிப்போயிற்று. இப்படியொரு பெருந்தன்மையை இந்தப் பள்ளத்தாக்கு கண்டதில்லை என்று ஹாஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹம்சாவின் கைக்கு எப்படித் துப்பாக்கி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. எண்ணெய்ப் பூச்சில் அது வழுக்கிற்று.

"வழக்கம் அப்படி இல்லயே, துராப் லாலா" என்றார்.

துராப் குனிந்து, அவர் தலைப்பாகையைச் சரிசெய்வதுபோலக் கிட்டே வந்தார். "என்ன தயக்கம்? உங்க துப்பாக்கிதானே" என்றார் மெதுவாக.

முகத்தில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. பத்து நாள் பழகிய மாப்பிள்ளையிடம் பேசுகிற மாமனாரின் முகம்.

ஹம்சா கட்டையைத் தோளில் பொருத்தினார். கூட்டம் பின்னால் நகர்ந்தது. சுடும்போது நகர்வது வழக்கம்தான், எப்போதும் இரண்டடி நகர்வார்கள். சபையைச் சேர்ந்தவர்கள் இரண்டடிதான் நகர்ந்தார்கள். துராபின் ஆட்கள் மட்டும் நடந்துகொண்டே இருந்தார்கள், முற்றத்தைத் தாண்டி, மல்பெரி மரத்தையும் தாண்டி. நொண்டிக்காலனைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிப் போனார்கள். பெண்கள் நின்று வேடிக்கை பார்க்கும் கூரையிலிருந்து துராபின் மருமகள் இறங்கி ஓடிவந்தாள். சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து எலும்பு சப்பிக்கொண்டிருந்த தன் மூன்று வயதுப் பெண்ணை ஒரு கையால் அள்ளி எடுத்துக்கொண்டு, முக்காடு சரிந்து தரையில் இழுபட, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.