அத்தானின் குளோரின்

சோதனையில் தேறினால்தான் அந்தக் கேன் தண்ணீர் ஆலைக்கு உரிமம் புதுப்பிக்கப்படும். சோதிக்க வந்த அதிகாரியோ முதலாளியின் கொழுந்தியாள். ஒரு கிருமிகூட அகப்படக் கூடாதென்று முதலாளி காலையிலேயே தொட்டியில் குளோரினை அள்ளிக் கொட்டியிருந்தார்.

அவள் குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, குளோரின் அளவை நிறத்தால் காட்டும் சோதனைத் திரவத்தைச் சேர்த்தாள். லேசாக ரோஜா நிறம் காட்ட வேண்டிய தண்ணீர், பீட்ரூட் சாறாகச் சிவந்தது.

“அத்தான், கிருமியைக் கொல்லுங்க, சரி. குடிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

“நான் உங்க வீட்டு மாப்பிள்ளைம்மா. கொஞ்சம் கண்டுக்காம விடக்கூடாதா?”

“எப்படி விடறது? எங்கக்காவும் இதைத்தானே குடிக்கிறா?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“இல்லம்மா. அவ கடையில வாங்கிக் குடிக்கிறா.”

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

“தொட்டியைக் கழுவி, அளவா குளோரின் போட்டு வைங்க. அடுத்த வாரம் அக்காவோட வரேன். முதல்ல அவ குடிக்கட்டும், அப்புறம் நான் சோதிக்கிறேன்.”