அகல மடிப்பு

எங்கள் கடையில் எல்லாக் கட்சிக் கொடியும் தைப்போம். காலையில் ஒரு கட்சி, மத்தியானம் அதற்கு எதிர்க்கட்சி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் இவர் இரண்டு பேருக்கும் டீ சொல்லுவார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சாதுல்லா. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இவருக்கு ஆகாதவர் என்று ஒருத்தர் கிடையாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாரிடமும் பல்லைக் காட்டினால் யார் மதிப்பார்கள் என்று கேட்டால், சண்டை போடத்தான் நீ இருக்கிறாயே மெஹ்ராஜ் என்பார்.

சங்கராபுரத்தில் அமைச்சர் பேசுகிறார் என்று ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் சின்னதுரை கொடிக்குச் சொல்ல வந்தது சித்திரை மாதம். புழுங்கித் தள்ளிக்கொண்டிருந்தது. கொடியின் ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டால் அதற்குள் குச்சியை நுழைத்துக்கொள்வார்கள். எப்போதும் மூங்கில் சிம்புதான். விரல் நுழைகிற அகலம் போதும். சின்னதுரை தன் கையை மூடிக் காட்டி, இது தாராளமாக நுழைந்து வருகிற மாதிரி மடிப்பு வையுங்கள் என்றார். சவுக்குக் கட்டை போடப்போகிறார்களாம். கொடிக்கு எதற்கு அவ்வளவு கனமான கட்டை என்று கேட்டேன்.

"காத்து ஜாஸ்தி பாயம்மா. சிம்பு தாங்கறதில்ல."

தெருவில் ஒரு காகிதம் அசையவில்லை. எந்த ஊரில் அடிக்கிற காற்று என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். இவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். சின்னதுரை சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றில்தான் ஹப்சா விஷயத்தை எடுத்தாள். எங்கள் ஒரே பெண். காலேஜில் கடைசி வருஷம். கூடப் படிக்கிற செந்தமிழ்ச்செல்விக்கு வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். ஜீப்பும் ஏறாது. போன மழையில் செல்வியின் அண்ணியைப் பிரசவ வலியோடு கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பாதி மலை இறங்குவதற்குள் தாயும் போய், பிள்ளையும் போய்விட்டது. அதிலிருந்து ரோடு வேண்டும் என்று இந்தப் பெண்கள் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது அமைச்சர் பேசும்போது கறுப்புத் துணி காட்டப்போகிறார்களாம்.

மைதானத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்பதாகத் திட்டம். அந்த இடம் தனக்கும் செல்விக்கும் மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கு அன்றைக்குக் காலையில்தான் சொல்லுவோம் என்றாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எங்களிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

தட்டைத் தள்ளிவைத்தேன். மடிப்பைப் பற்றிச் சொன்னேன். போகவே கூடாது, கதவைப் பூட்டிவிடுவேன் என்று கத்தினேன். பூட்டினால் உடைத்துக்கொண்டு போவேன் என்று அவளும் கத்தினாள். யார் பெற்ற பெண்? நானே என்னோடு சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரகாஷின் காக்கிச் சட்டைகளை இடுப்புப் பிடித்து வைத்திருந்தோம். எப்போதும் கான்ஸ்டபிள்தான் வந்து வாங்கிப் போவார். இவர் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கிளம்பினார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து ஜூஸ் வாங்கிக் கொடுத்தாராம். கட்டை விஷயத்தை எல்லாம் கேட்டுக்கொண்டாராம்.

"எங்க நிப்பாங்கன்னு சொல்லுங்க பாய், அந்த எடத்துலயே லேடீஸ் போலீஸ நிறுத்திடறேன்னாரு. சொல்ட்டு வந்துட்டேன்" என்றார்.

சத்தியம் பண்ணின வாயா என்று திட்டினேன். திட்டினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. போலீஸ் நின்றால் எவன் கை வைப்பான்?

கூட்டத்தன்று கடையைப் பூட்டிவிட்டு நாங்களும் பஸ் ஏறினோம். மைதானத்தின் எதிரே ஒரு பேக்கரி வாசலில் நின்றுகொண்டோம். தொட்டிப் பக்கம் பார்த்தேன். பெண் போலீஸ் ஒருத்தியும் இல்லை. நான் தைத்த கொடிகள்தான் நின்றன. மேடையைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தபடி, ஆம்பிளைகள் அங்கங்கே குந்தியிருந்தார்கள். போலீஸ் வேன் தூரத்தில் வேப்பமரத்து நிழலில் நின்றது. ஹப்சாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. இவர் இன்ஸ்பெக்டருக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பெண்கள் வந்துவிட்டார்கள். செல்வி மட்டும் இல்லை. வெள்ளிமலையிலிருந்து வந்த பஸ் வழியில் கெட்டு நின்று அவள் மாட்டிக்கொண்டது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அமைச்சர் மைக்கைப் பிடித்தார். ஹப்சா கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் தூக்கினாள். ரோடு போடு என்ற ஒரு குரல்தான் எனக்குக் கேட்டது. குந்தியிருந்தவர்கள் எழுந்தார்கள். கொடியை ஒரு உதறு உதறினார்கள். மடிப்பிலிருந்து கட்டை சுலபமாக உருவிக்கொண்டு வந்தது. கொடியெல்லாம் தரையில் விழுந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கட்டை நுழைவதற்காக அந்த அகலம் கேட்கவில்லை, உருவுவதற்காகக் கேட்டிருக்கிறார்கள். அல்லாவே, என் கையால் தைத்தேனே!

நான் ஓடினேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேடையில் பேச்சு நிற்கவே இல்லை. அடித்தவர்கள் கொடிகளைப் பொறுக்கி மறுபடி கட்டையில் மாட்டிக்கொண்டு நடந்து போனார்கள். அதற்கப்புறம்தான் வேன் வந்தது. தரையில் கிடந்த பெண்களைத் தூக்கி அதில் ஏற்றினார்கள். கூடவே அங்கே கிடந்த சில கட்டைகளையும் ஏற்றினார்கள்.

ஹப்சாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிவு, நெற்றியில் தையல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வாசலில் ஒரு கான்ஸ்டபிளைப் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் புகுந்து கட்டையால் தாக்கினார்கள் என்று இந்தப் பெண்கள்மேலேயே வழக்கு. வலியைவிடப் பெரிதாக ஒன்று அவளைத் தின்றுகொண்டிருந்தது. கண் விழித்ததும் அதைத்தான் சொன்னாள்.

"செல்விதாம்மா சொல்ட்டா. அவளுக்கும் எனக்கும்தான் முன்னாடியே எடம் தெரியும். அதான் அவ வரல."

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார். எழுந்து நடமாடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். பாவமாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. செல்வி பார்க்க வந்தாள். ஹப்சா உள்ளே விடாதீர்கள் என்றுவிட்டாள். அந்தப் பெண் போகவும் இல்லை. வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே நின்றாள்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெரியப்பா மாதிரி அன்பாகப் பேசினார். படிக்கிற பெண், கேஸ் என்று ஆனால் எந்த வேலைக்கும் போக முடியாது என்றார். கட்டைகளை மலையிலிருந்து கொண்டு வந்தது செந்தமிழ்ச்செல்விதான், மற்றப் பெண்களைத் தூண்டிவிட்டதும் அவள்தான் என்று ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதற்குச் சம்மதித்தால் ஹப்சாவின் பெயரை எடுத்துவிடுவாராம்.

"காட்டிக் கொடுத்தவளுக்காக நீ எதுக்கும்மா உள்ள போவணும்?" என்றார்.

யார் காட்டிக் கொடுத்தது என்று தெரிந்த மனிதர், இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைச் சொன்னார். இவர் வாயைத் திறக்க மாட்டார் என்று அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் அந்தப் பயம்தான்.

வலது கை மாவுக்கட்டில் இருந்ததால், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வாங்க மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். ஹப்சா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இடது பெருவிரலை மையில் அழுத்தினாள். இதற்குமேல் பொறுக்க முடியாது, நான்தான் சொல்லியாக வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் இவர் பாய்ந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். மை இவர் உள்ளங்கை முழுக்க அப்பியது.

"வெக்காதம்மா. அந்தப் பொண்ணு சொல்லல. நான்தான் சொன்னேன். உனக்குக் காவல் போடுவாருன்னு நம்பி, சார்கிட்டதான் சொன்னேன்."

ஹப்சா இவர் முகத்தையே பார்த்தாள். இவர் கையிலிருந்து விரலை மெல்ல உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். என் ஆயுசில் இவருக்கு விழுந்த அடிகளில் இதுதான் பெரியது. இவர் அப்படியே நின்றார்.

இன்ஸ்பெக்டர் மைப்பெட்டியை மூடினார். கோபமே இல்லை. கான்ஸ்டபிளைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இன்னா சொன்னீங்க பாய்? இன்னொரு தரம் சொல்லுங்க, கேப்போம்."

கான்ஸ்டபிள் கதவில் கை வைத்தார். கதவு சாத்துவதற்குள் இவர், வராந்தாவில் நின்ற செல்விக்கும் கேட்கும்படி, இன்னொரு தரம் சொன்னார்.