லிட்டராட்டி பற்றி ஒரு பக்கம்

நஸீறா நான்காவது தாளையும் கிழித்துப் போட்டாள். ஒரேயொரு ஆங்கிலச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மூன்று நாளாக நூலகத்து அகராதிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கல்முனையில் தடுக்கி விழுந்தால் ஒரு கவிஞர் மேல்தான் விழவேண்டும், சங்கங்களுக்கும் குறைவில்லை. புதிதாக முளைத்த சங்கத்துக்கு 'லிட்டராட்டி வட்டம்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அர்த்தம்தான் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் தலைவர் மஜீட் ஸேர் நூலக உதவியாளரான நஸீறாவிடம் வந்திருந்தார்.

"தொடக்க விழாவில வாசிக்கணும் தங்கச்சி. ஒரு பக்கம் காணும், கூட வேணாம். எழுதினது நீங்கதான் எண்டு சபையில சொல்லுவன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். உம்மா மௌத்தாகி இரண்டு வருடம். அதற்குப் பிறகு நஸீறாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த வீட்டில் ஆளில்லை. நூலகத்திலும் வெறும் 'மிஸ்'தான். ஒரு தடவையாவது, நிறைந்த சபையில், தன் பெயரைக் கேட்க வேண்டுமென்று ஆசையாக இருந்தது. நாற்பத்தொரு வயதில் இப்படியோர் ஆசையா என்று வெட்கமாகவும் இருந்தது.

விழாவில் பெண்களுக்குப் பின்வரிசை. மஜீட் ஸேர் கணீரென்று வாசித்தார். லிட்டராட்டி லத்தீனிலிருந்து வந்தது. லிட்டெரா என்றால் எழுத்து. எழுத்தறிந்தவர்கள் என்பதே முதற்பொருள். கற்றோர் என்பது பிறகு வந்தது. அவள் எழுதியதில் ஒரு சொல்லும் மாறவில்லை. கைதட்டினார்கள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெயர் வரவில்லை. மறந்திருப்பார், நன்றியுரையில் சொல்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முன்வரிசையில் இருந்த டொக்டர் காலிதீன் கேட்டார்: "எழுத்துத் தெரிஞ்சவன் எப்பிடி ஸேர் அறிஞனானான்?"

மஜீட் ஸேர் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "அதப் பிறகு ஆராய்ஞ்சு சொல்றன்."

ஒரு பக்கத்துக்குள் அடங்காமல் அவள் வெட்டிய பகுதி அதுதான். பழைய ஐரோப்பாவில் லத்தீன் வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். வாசிக்கத் தெரிந்ததே பெரிய படிப்பாகிவிட்டது. நஸீறா தன்னையறியாமல் எழுந்துவிட்டாள்.

அவளைக் கண்டதும் மஜீட் ஸேரின் முகம் தெளிந்தது. "ஓம் தங்கச்சி, தேத்தண்ணியக் குடுங்க."

"தேத்தண்ணிக்கு எழும்பல்ல ஸேர்." "டொக்டர் கேட்டதுக்கு மறுமொழி எனக்குத் தெரியும்."

சபை முழுவதும் திரும்பியது. யாரோ மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பாதி மண்டபம் தாண்டியதும் வயர் இறுகி நின்றுவிட்டது. அவர் கையை எட்டியமட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். இடையில் நான்கு வரிசை ஆண்கள். நஸீறா கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு மைக்கை நோக்கி நடந்தாள்.