சாவிச் சத்தம்

ஒரு சின்னப் பெண்ணை நம்பவைத்துக் கழுத்தறுத்த கதை இது. கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு மைக், கொஞ்சம் கைதட்டல், அவ்வளவுதான். பயப்படாதீர்கள் கண்ணுகளா, பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். இதைச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் சொல்கிறேன். அப்படியும் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

வீட்டிலும் வெளியிலும் அவளை மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பன்னிரண்டு. ஆள் பொடிசு, காரம் அதிகம். அப்பா பேக்கரி வேன் ஓட்டுகிறவர். விடியும் முன்னே கிளம்பி, கடை கடையாக ரொட்டித் தட்டுகளை இறக்கி, கடைக்காரர்களின் ஏச்சுப் பேச்சையெல்லாம் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புவார். அம்மாவுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி வேலை. நாள் முழுக்க நீராவிக்கு நடுவே படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறவள். அங்கே இரைச்சலில் பேச முடியாது என்பதால், சேர்த்துவைத்ததை வீட்டில் வந்து பேசுவாள்.

அந்த வருஷம் மிளகின் காரம் எங்கேயோ போய்விட்டது. எதைக் கேட்டாலும் ‘ம்’. அதட்டிக் கேட்டால் அந்த ‘ம்’மும் கிடையாது. பஸ் ஸ்டாப்பில் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அம்மா காதில் விழுந்தது. ஒருநாள் துவைக்க எடுத்த பள்ளிச் சட்டையில் சிகரெட் வாடை அடித்தது. நாளெல்லாம் துணியோடு கிடக்கிற மூக்கு, ஏமாறுமா?

அம்மா அன்றைக்குக் கத்தியிருப்பாள். தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் கத்தினால் இவள் இன்னும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள் என்று தோன்றியது. பிள்ளைகள் கெட்டுப்போன பிறகு தலையில் அடித்துக்கொள்வதற்குப் பதிலாக, முன்னாலேயே பெற்றவர்களும் பிள்ளைகளும் பேசிப் பழக ஒரு வகுப்பு நடக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

“பேசறதுக்கு வகுப்பா?” என்றார் அப்பா. “உன்னைப் பேசாம இருக்க வைக்கிறதுக்கு ஏதாவது வகுப்பு இருந்தாச் சொல்லு, நானே சேர்த்துவிடறேன்.”

ஆனாலும் போனார். வாரத்துக்கு ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத்து மாடியில். முதலில் பெரியவர்கள் ஓர் அறை, பிள்ளைகள் ஓர் அறை. பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும். வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னார்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா மரக்கரண்டியைக் கொண்டுபோனாள். கரண்டி எப்போதும் உன் கையில்தானே இருக்கிறது, இது என்ன புது ஏற்பாடு என்று அப்பா கேட்டதில் அந்த அறையே சிரித்தது. மிளகும் சிரித்தாள். அவள் பல்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டிலும் கரண்டி வேலை செய்தது. ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது மிளகு தானாகவே அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிகரெட்டை ஒரே ஒரு இழுப்பு இழுத்ததையும், இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்ததையும், அந்தப் பெரிய பிள்ளைகள் சிரித்ததையும் சொன்னாள். சிரித்தாலும் அவர்கள்தான் தன்னோடு பேசுகிறார்கள் என்றாள். அம்மாவுக்கு நாக்கு நுனியில் ஆயிரம் இருந்தது. கரண்டி அவள் கையில் இல்லையே, உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அதற்குப் பிறகு மிளகு பஸ் ஸ்டாப்பில் நிற்பதும் குறைந்தது. வகுப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல வகுப்புதான். நடத்தினவரைச் சொல்கிறேன்.

பிள்ளைகளின் அறையைப் பார்த்துக்கொண்டது ஒரு மேடம். சாந்தமான முகம், தேன் மாதிரிப் பேச்சு. முதல் நாளே தன் கையைத் தரையில் விரித்து, அதன் மேல் பிள்ளைகள் எல்லாரையும் கையை அடுக்கச் சொன்னார். இந்த அறையில் சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்று சத்தியம். அடியில் மேடத்தின் கை, மேலே பிஞ்சுக் கைகளாக ஒரு கோபுரம். அந்தக் கோபுரத்தை நம்பித்தான் மிளகு ஒருநாள் அங்கே வாயைத் திறந்தாள்.

அடுத்தாற்போல விருந்தினர் நாள் வந்தது. மேலிடத்திலிருந்து பெரிய மனிதர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்பா வேலையிலிருந்து நேராக, பேக்கரிச் சட்டையோடு, கையில் மாவுத் திட்டோடு வந்து பின்னால் உட்கார்ந்தார். மேடம் மைக்கைப் பிடித்தார்.

“ஒரு குழந்தை எங்கிட்ட மனசு விட்டுச் சொல்லிச்சு. அவங்க அப்பா வந்து மேஜையில சாவிக்கொத்தைப் போடுவாராம். அந்தச் சத்தத்தை வச்சே இன்னைக்கு ரூமை விட்டு வெளிய வரலாமா வேண்டாமான்னு அது முடிவு பண்ணுமாம். ரொட்டி வாசனையோட வீட்டுக்கு வர்ற அந்த அப்பா, இப்ப மாறின மனுஷனா இதே ஹால்ல உட்கார்ந்திருக்கார்.”

கைதட்டல். பெயரைச் சொல்லவில்லையாம். ரொட்டி வாசனை என்றால் போதாதா? இருக்கிற தலையெல்லாம் பேக்கரிச் சட்டையைப் பார்த்துத் திரும்பியது. அப்பா மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்தார். மிளகு அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம், உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்.

அந்த மனுஷன் கை நீட்டுகிற ஆள் இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் கோபம் வந்த நாளில் வீட்டில் காற்றே கனத்துப்போகும். தன் பிள்ளை தன் சாவிக்குப் பயந்து ஒளிகிறது என்று ஊர் முழுக்கத் தெரிந்த அவமானத்தில் அவரும் வெந்துதான் போனார். ஆனாலும் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து சாவிக்கொத்தைத் துண்டில் சுற்றிப் பூ வைக்கிற மாதிரி மேஜையில் வைத்தார். செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினார். தன் பங்குக்குச் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

மிளகோ முன்பைவிட மோசமானாள். அறைக் கதவு சாத்தியே கிடந்தது. கரண்டி சமையலறைக்கே திரும்பிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் மறுபடி அதே கூட்டம், அதே வாடை.

அம்மா இடைவேளையில் வேலைச் சட்டையோடே பள்ளிக்கூடத்துக்குப் போய் மேடத்தைப் பார்த்தாள். மேடம் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பெயரைச் சொல்லவில்லையே என்றார், நல்லதுக்காகத்தானே என்றார். அதோடு விட்டாரா? உங்கள் வீட்டுக்காரர் இப்போது எவ்வளவு அமைதியாகிவிட்டார் பாருங்கள் என்று அதற்கும் தானே பெருமை எடுத்துக்கொண்டார். கடைசியில், மனசு கஷ்டப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

“எங்கிட்ட எதுக்கு மேடம்? உங்களை நம்பிச் சொன்னது அவ. மன்னிப்புக் கேக்கறதா இருந்தா அவகிட்ட கேளுங்க.”

மேடம் சிரித்தார். “சின்னப் பொண்ணுதானேம்மா, இந்நேரம் மறந்திருக்கும்.”

எப்படி இருக்கிறது பாருங்கள். சபையில் எடுத்துக்காட்ட மட்டும் அந்தப் பிள்ளையின் பேச்சு பெரிய பேச்சு. மன்னிப்பு என்று வந்தால் அவள் சின்னப் பெண். பெரியவர்கள் நாம் நமக்குள்ளேயே தப்புச் செய்து, நமக்குள்ளேயே மன்னித்து, தண்ணீரும் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். அடிபட்டது கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

கடைசி வகுப்புக்கு மிளகு வர மறுத்தாள். அம்மா கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. வந்து உட்கார்ந்தால் போதும், கரண்டி உன் மடியிலேயே இருக்கட்டும், உனக்குத் தோன்றினால் பேசு என்று மட்டும் சொன்னாள்.

அன்று விருந்தினர்கள் இல்லை. எல்லாக் குடும்பங்களும் வட்டமாக உட்கார்ந்தன. போட்டோ எடுக்க மேடம் அவசரப்பட்டார். அப்போது மிளகு கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“எல்லாரும் கையை அடுக்கி வச்சோம்ல மேடம், உங்க கைதான் அடியில இருந்துச்சு. நீங்க கையை உருவிட்டீங்க.”

மேடம் முகம் சிவந்தது. “இல்லடா கண்ணு, நான் எதுக்காகச் சொன்னேன்னா...”

“கரண்டி எங்கிட்ட இருக்கு மேடம். நான் இன்னும் முடிக்கல.”

அவர் வகுத்துக் கொடுத்த விதிதானே? வாயை மூடிக்கொண்டார். மிளகு அப்பா பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது.

“அப்பா இப்பல்லாம் சாவியைத் துண்டுல சுத்தி வைக்கிறாங்க. முன்னாடி சத்தம் கேட்டா, கோவமா இல்லையான்னாச்சும் தெரியும். இப்ப ஒண்ணுமே தெரியல. அதான் வெளியவே வர்றதில்ல.”

அப்பா மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் பயத்தை எடுத்துவிட்டதாக நினைத்தவர், அவளிடம் இருந்த ஒரே எச்சரிக்கை மணியைப் பிடுங்கியிருக்கிறார். அவர் வாயைத் திறக்கப் போனார், அம்மா அவர் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள்.

மிளகு உட்காரவில்லை. மேடத்தைப் பார்த்தபடியே நின்றாள். மேடம் ‘சாரி, ஆனால்’ என்று ஆரம்பித்தார். கரண்டி அசையவில்லை. வட்டத்தில் ஒருவரும் அவருக்குக் கைகொடுக்கவும் இல்லை.

“சாரி மிளகு. உன்னைக் கேக்காமச் சொன்னது தப்பு,” என்றார் மேடம். இந்த முறை ‘ஆனால்’ வரவில்லை.

மிளகு கரண்டியை மேடத்திடம் தரவில்லை, அப்பாவிடம் தந்தாள். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். போட்டோவுக்கு நிற்காமல் மூன்று பேரும் படி இறங்கிவிட்டார்கள். மேடத்தை அவள் மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. மன்னித்தே ஆகவேண்டும் என்று சின்னப் பிள்ளைகளை நெருக்குவது நமக்கு இருக்கிற இன்னொரு கெட்ட பழக்கம்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வாசலை ஒட்டியிருந்த மேஜைப் பக்கத்திலேயே நின்றார். துண்டு தோளில் கிடந்தது. சாவிக்கொத்து மேஜையில் விழுந்தது, நல்ல சத்தத்தோடு. சமையலறையில் அம்மா குழாயை மூடினாள்.

சாத்தியிருந்த கதவைப் பார்த்து அப்பா, கூச்சத்தோடு, பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னார்.

“ஒரு கடைக்காரன் ரொட்டித் தட்டையெல்லாம் திருப்பி அனுப்பிட்டான். கண்டபடி பேசிட்டான். அதான் கோவம். உங்க ரெண்டு பேர் மேலயும் இல்ல.”

அவர் செருப்பைக் கழற்றினார். முகம் கழுவப் போகலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது.

“எந்தக் கடைப்பா?”