நாற்காலி மேல் நின்ற ஆள்

மலேசியாவின் கிள்ளான் நகரில் ரஹீம் கடைக்கு மாலையில் போனால் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று தேத்தண்ணீரைத் தூக்கி ஆற்றுகிற சத்தம். இன்னொன்று வேலாயுதமும் கடை முதலாளி அப்துல் ரஹீமும் வாக்குவாதம் செய்கிற சத்தம். இரண்டாவது சத்தம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டயர் கடை வரைக்கும் போகும்.

வேலாயுதம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வேலை முடிந்து, நெரிசலில் ஊர்ந்து வந்து, ரஹீம் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் அவருக்கு நாள் முடிந்த மாதிரி. கேட்காமலே சீனி குறைத்த தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் தேத்தண்ணீர், மேசைக்கு வந்துவிடும். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து ரஹீம் தன் கையாலேயே அதைக் கலக்குவார், வேலையாட்களை நம்ப மாட்டார். தைப்பூச விரதக் காலத்தில் வேலாயுதத்துக்காகத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு, வெங்காயம்கூடப் படாத சமையல். "காவடி எடுக்கறது இவன், பத்தியம் இருக்கறது என் அடுப்புலா!" என்று ரஹீம் எல்லார் காதிலும் விழும்படி அலுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் ஒரு போர் வந்து உட்கார்ந்தது. கடல்களுக்கு அப்பால் எங்கோ நடக்கிற போர். இந்த இருவரும் தாய்லாந்து எல்லைப் பக்கம் இருக்கும் ஹாட்யாயைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. ஆனால் எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும், எந்தத் தளபதி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதெல்லாம் இருவருக்கும் அத்துப்படி. கைப்பேசி சொல்லிக் கொடுத்திருந்தது.

"குழந்தைங்க செத்துக் கெடக்குதுலா வேலு! உன் சேனல்ல இத காட்டுனானா?"

"அவனுங்க மொதல்ல ராக்கெட் விட்டானுங்களே, அப்ப உன் சேனல் எங்க போச்சு? லீவா?"

"உன் சேனல் காசு வாங்கிட்டு ஒரு பக்கமா பேசுது."

"உன்னுது மட்டும் நட்ட நடுவுல நின்னு பேசுதாக்கும்!"

உள்ளதைச் சொன்னால், ரஹீமின் கைப்பேசியில் இறந்து கிடந்த குழந்தைகளும் உண்மைதான், வேலாயுதத்தின் கைப்பேசியில் கதறிய தாய்மாரும் உண்மைதான். தன் பக்கத்துக் கண்ணீரை மட்டும் காட்டுகிற கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவன் கண்ணாடி பொய் என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் கிளம்பும்போது "நாளைக்கு வா, பேசிக்கிறேன்" என்று ரஹீம் சொல்வார், வேலாயுதம் மறுநாள் வருவார். அதனால் யாரும் கவலைப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை பூப்பந்து ஆண்கள் இரட்டையர் இறுதி ஆட்டம். நம் நாட்டு ஜோடி விளையாடியது. ரஹீம் பெரிய திரையை வாசலுக்கே கொண்டுவந்து வைத்தார். தாமான் குடியிருப்பு மொத்தமும் அங்கே கூடிவிட்டது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று யார் பக்கத்தில் யார் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. கடைசிப் புள்ளி விழுந்ததும் மேசையெல்லாம் குதித்தது. வேலாயுதம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்று, தோள் துண்டைச் சுழற்றிக்கொண்டு கத்தினார்.

"டேய், இறங்குடா! நாற்காலி ஒடஞ்சா நீதான் வாங்கித் தரணும்!" என்று கீழேயிருந்து ரஹீம் கத்தினார். அவருக்கும் சந்தோஷத்தில் தொண்டை கட்டிவிட்டது. ரஹீமின் மகள் ஃபர்ஹானா அந்தக் கூத்தைப் படம் பிடித்து கடையின் முகநூல் பக்கத்தில் போட்டாள்.

அதே இரவு, அயல்நாட்டு நகரம் ஒன்றில் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். மறுநாள் மாலை கடைத் தொலைக்காட்சியில் அதுதான் ஓடியது. அதைப் பார்த்ததும் வேலாயுதத்துக்கு ரத்தம் கொதித்தது.

"பாத்தியா உங்காளுங்க பண்ண வேலைய?" என்றார்.

ரஹீமின் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. "என்ன சொன்ன? எங்காளுங்களா? நான் இதே கிள்ளான் ஆஸ்பத்திரியில பொறந்தவன்லா. அந்தக் கொலைகாரப் பயலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"பின்ன ஏன் அவனுங்களத் திட்டி ஒரு வார்த்த பேச மாட்டேங்கற?"

"காலையிலேந்து கடை தொறந்து ரொட்டி போட்டுக்கிட்டு இருக்கேன். திட்டறதுக்கு உன்கிட்ட சர்டிபிகேட் வாங்கணுமா?"

வேலாயுதம் பாதி குடித்த தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று ரஹீம் "நாளைக்கு வா" என்று சொல்லவில்லை.

அடுத்து வந்த நாட்களில் வேலாயுதம் வேறு கடையில் தேத்தண்ணீர் குடித்தார். வாயில் வைக்க முடியாத தித்திப்பு. அந்தக் கோபமும் ரஹீம் மேலேயே சேர்ந்துகொண்டது. அப்படி இருக்கும்போதுதான் அவருடைய கைப்பேசிக்கு அந்தக் காணொளி வந்து விழுந்தது. அனுப்பியவர் அடுத்த தெரு கார்த்திகேசு. பன்னிரண்டு விநாடிதான். ஒரு கூட்டம் குதிக்கிறது, கைகளைத் தூக்குகிறது. பின்னணியில் நெஞ்சைப் பிசைகிற சோக இசை. படத்தில் பாதியை மறைத்துச் சிவப்பு எழுத்து: "குண்டு வெடித்த செய்தி கேட்டு கிள்ளான் உணவகத்தில் கொண்டாட்டம்! தமிழர்களே, பகிருங்கள்!"

வேலாயுதம் நான்கு விநாடி பார்த்தார். போதும் அவருக்கு. நம்ப வேண்டும் என்று மனம் ஏங்கிக் கிடக்கும்போது ஐந்தாவது விநாடி எதற்கு? குடியிருப்புக் குழு, கோயில் குழு, தொழிற்சாலைக் குழு என்று இருந்த எல்லா வாட்சாப் குழுக்களுக்கும் அனுப்பினார். "இந்த மாதிரிக் கடைகளை இழுத்து மூட வேண்டும்" என்று ஒரு வரியும் சேர்த்தார்.

கொஞ்ச நேரத்தில் குடியிருப்புக் குழுவில் யாரோ கேட்டார்கள்: "பின்னாடி தெரியற கண்ணாடி அலமாரி நம்ம ரஹீம் கடையோடது மாதிரி இல்ல?"

வேலாயுதத்துக்கு ஒரு கணம் திக்கென்றது. திரும்பவும் அந்தப் படத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. 'உங்காளுங்க' என்ற சொல்லுக்கு ரஹீம் முறைத்த முறைப்பு ஞாபகம் வந்தது. "எனக்கு ஆச்சரியமில்லை" என்று எழுதினார். ரஹீமுக்கு உயிர் நண்பன் இவர்தான் என்பது ஊருக்கே தெரியும். அவரே இப்படி எழுதினால் அப்புறம் என்ன சாட்சி வேண்டும்? "அன்னிக்கு பூப்பந்து ஆட்டமாச்சே" என்று ஒருவர் எழுதினார். "நீ யாருக்கு சப்போட்டு?" என்று பாய்ந்தார்கள். அவர் எழுதியதை அழித்துவிட்டு அடங்கிப்போனார். வேலாயுதம் அதைக் கவனிக்கவே இல்லை. தன் வரிக்கு விழுந்த கட்டைவிரல்களை ரசித்துக்கொண்டிருந்தார்.

ரஹீம் கடைக்குக் கூட்டம் நின்றது. பெயர்ப் பலகையில் யாரோ முட்டை அடித்தார்கள். பேசி முடித்திருந்த கல்யாணச் சாப்பாடு கைவிட்டுப் போனது. எவனோ போலிசில் புகார் கொடுத்தான், ரஹீமை அழைத்து விசாரித்தார்கள். ஃபர்ஹானா பூப்பந்து இரவில் தான் எடுத்த முழுக் காணொளியையும் மறுபடி போட்டுக் கெஞ்சினாள். "இப்ப மாத்தி எடுத்துப் போடறாங்க" என்று அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். ரஹீம் யாரிடமும் வாதாடவில்லை. இந்த மாதத்தோடு கடையை வேறு ஆளுக்கு விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

வேலாயுதத்தின் மனைவி ரமணி பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் கணக்கராக இருப்பவள். போர், அரசியல் எதையும் பார்க்க மாட்டாள். குழுக்களில் வருவதைத் திறப்பதே இல்லை. அன்று மருத்துவமனையில் உடன் வேலை செய்யும் பெண் காட்டியபோதுதான் அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, இத முழுசா பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். நான்தான் எல்லாருக்கும் அனுப்பினதே."

"அப்ப இன்னொரு தடவ பாருங்க." பெரிய தொலைக்காட்சியில் போட்டாள். ஒன்பதாவது விநாடியில் நிறுத்தினாள். "நாற்காலி மேல நிக்கறது யாரு?"

சிவப்பு எழுத்துக்கு மேலே, முகம் தெரியாமல், ஓர் ஆள் முதுகு காட்டித் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பூப்போட்ட ஆரஞ்சு பாத்தேக் சட்டை. உச்சந்தலையில் வட்டமாக ஒரு வழுக்கை.

"இந்தச் சட்டய தீபாவளிக்கு நான்தான் கடை கடையா ஏறி எடுத்துக் கொடுத்தேன். இந்த வழுக்கைக்குத் தெனமும் நான்தான் எண்ணெய் வெக்கறேன். கொண்டாடின பயங்கரவாதி நீங்கதானா? சொல்லுங்க!"

வேலாயுதம் எழுந்து திரைக்கு அருகில் போனார். திரையில் நின்ற தன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைக் காட்டித்தான் ரஹீமின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருந்தார்கள். முதல் கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டவரே அவர்தான்.

"அழிச்சிடறேன் ரமணி. எல்லா குரூப்லேந்தும் இப்பவே அழிச்சிடறேன்."

"நீங்க அழிச்சா உங்க போன்லதான் போகும். ஊரு வாயிலேந்து போகுமா? ரஹீம் அண்ணே கடைய விடப்போறாராம். போங்க, போயி செய்ய வேண்டியதச் செய்ங்க."

மறுநாள் ஞாயிறு. ரொட்டி சானாய் சாப்பிட எப்போதும் இடம் கிடைக்காத காலை நேரத்தில் ரஹீம் கடையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். கார்த்திகேசு உள்ளே வராமல், என்னதான் நடக்கிறது என்று வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். வேலாயுதம் அதே ஆரஞ்சு பாத்தேக் சட்டையில், அதே துண்டோடு வந்தார். கல்லாவில் இருந்த ஃபர்ஹானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எம்மேல கோவப்படு, தப்பில்ல. ஆனா ஒரு உதவி செய்மா. உன் போன்ல என்னைப் படம் எடு. முழுசா எடு. ஒரு எடத்துலயும் வெட்டாத."

சிவப்பு நாற்காலி ஒன்றை வாசலுக்கு இழுத்துப்போட்டு ஏறி நின்றார். முதலில் முதுகைக் காட்டித் துண்டைச் சுழற்றினார். பிறகு திரும்பினார். 

"என் பேரு வேலாயுதம். அந்த வீடியோவுல நாற்காலி மேல நின்னு ஆடின ஆள் நான்தான். அன்னிக்கு நாம பூப்பந்துல ஜெயிச்சோம், அதுக்குத்தான் ஆடினேன். இந்தக் கடையில யாரும் எந்தச் சாவையும் கொண்டாடல. என் முதுகு எனக்கே அடையாளம் தெரியாம, அத நானே ஊரெல்லாம் அனுப்பினேன். இருவது வருசமா பாத்த மூஞ்சிய நம்பாம, பன்னெண்டு செகண்ட் வீடியோவ நம்பினேன். அதுலயும் நாலு செகண்ட்தான் பாத்தேன். வெக்கமா இருக்கு. போலிஸ்லயும் இதையேதான் சொல்லப்போறேன். எனக்கு அதை அனுப்பினவங்க, நான் அனுப்பி வாங்கினவங்க, எல்லாரும் இத அனுப்புங்க. அத எவ்வளவு வேகமா அனுப்பினீங்களோ, அவ்வளவு வேகமா அனுப்புங்க."

அடுப்பங்கரையிலிருந்து ரஹீம் வெளியே வந்தார். கை முழுக்க மாவு.

"இறங்கு," என்றார்.

வேலாயுதம் இறங்கினார்.

"முட்டை அடிச்சானுங்க, கழுவிட்டேன். போலிஸ் கூப்பிட்டாங்க, போயிட்டு வந்தேன். அதெல்லாம் எனக்கு வலிக்கல வேலு. 'எனக்கு ஆச்சரியமில்லை'ன்னு நீ எழுதின பாரு, அந்த ஒரு வரிதான். தூக்கம் வராம அதையே படிச்சிக்கிட்டு இருந்தேன். எனக்குத்தான்டா ஆச்சரியமா இருந்திச்சி."

 வேலாயுதம் மாவுக் கையென்றும் பார்க்காமல் அதைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரஹீம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு, "சரி, சட்டையெல்லாம் மாவு. போலிஸ் ஸ்டேசனுக்கு இப்படியேவா வருவ? வா, கழுவிக்க" என்றார்.

இருவரும் ஒரே காரில் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தார்கள். வேலாயுதத்தின் காணொளி, அந்தப் பொய் போன இடத்துக்கெல்லாம் போய்ச் சேரவில்லை. உண்மைக்குச் சோக இசையும் கிடையாது, சிவப்பு எழுத்தும் கிடையாது. ஆனால் தாமானுக்குள் அது வீடு வீடாக நுழைந்தது. பூப்பந்து என்று எழுதி அழித்தவர்தான் முதல் ஆளாகக் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். கல்யாண வீட்டார் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார்கள். மாதம் முடிந்தது, ரஹீம் கடையை விடவில்லை.

இப்போது மாலையில் அங்கே போனால் அந்த இரண்டு சத்தமும் கேட்கும். போரைப் பற்றி ரஹீமுக்கு இன்றும் ஒரு கருத்து, வேலாயுதத்துக்கு வேறு கருத்து. டயர் கடைக்காரர் இன்னமும் காதைப் பொத்திக்கொள்கிறார். 'உங்காளுங்க' என்ற வார்த்தை மட்டும் அந்த மேசைப் பக்கம் திரும்பி வரவில்லை.

போன வாரம் கார்த்திகேசு ஓட்டமாக ஓடிவந்து கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, இதப் பாருங்க! அங்க என்ன பண்றானுங்க பாருங்க! இப்பவே எல்லாருக்கும் அனுப்புங்க!"

வேலாயுதம் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார். சீனி அளவாக இருந்தது.

"மொதல்ல உக்காரு. இது எந்த ஊரு, எப்ப எடுத்தது, யாரு எடுத்தது? தெரியாதா? அப்ப உள்ள வெய். போரப் பத்தி என்ன கருத்து வேணா வெச்சிக்க, சண்ட போடு, வேணாங்கல. ஆனா தெரியாத ஊரு செய்திய வெச்சி, தெரிஞ்ச மனுசன அளக்காத. எத அனுப்பறதா இருந்தாலும் கடைசி செகண்ட் வரைக்கும் பாரு தம்பி. நாற்காலி மேல நிக்கற ஆளு நீயாவே இருக்கலாம்."