தாளின் மேல்பாதி

கம்ப்ரஸரின் உறுமலோடுதான் அங்கே பொழுது விடியும். வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், தகரக் கூரை போட்ட அந்தக் கூடத்தில், காலை ஆறு மணிக்கெல்லாம் பதினோரு பேர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டார்கள். ஆபீசுகளும் கல்லூரிகளும் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களின் பவர் சப்ளைகள் சாக்கு சாக்காகக் குவிந்து கிடந்தன. செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய தகரப் பெட்டிகள். நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறந்து காற்றை அடித்தால் பத்து வருடத்துத் தூசி கரும்புகையாய் எழும்பும். துப்பினால் எச்சில் கறுப்பாக விழும்.

தூசி போன பெட்டி ஜோதியின் மேசைக்கு வரும். உள்ளே தலை உப்பிக்கொண்டு நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பார்த்த மாத்திரத்தில் அவள் கை அங்கே போய்விடும். ஈயத்தை உருக்கி, பழையதைப் பிடுங்கி, புதியதை நட்டு, மறுபடி ஈயம் வைப்பாள். அந்தப் புகை கண்ணில் ஏறி ஏறி நாற்பத்திரண்டு வயதிலேயே கண்ணாடி போட வேண்டியதாகிவிட்டது. அவளுடைய மாமனாரின் நிலமும் சேர்த்துத்தான் இந்தப் பேட்டை எழும்பியது. அந்தக் கணக்கில் கிடைத்த வேலை இது. அதனாலேயே கூடத்தில் பலர் அவளை முதலாளி பக்கத்து ஆளாகப் பார்த்தார்கள். அவளுக்கும் அது தெரியும்.

அவள் முடித்த பெட்டியை மாசானம் கரண்ட் கொடுத்துச் சோதிப்பான். தேறாத பெட்டி அருள்பாண்டியிடம் போகும். அவன் அதைப் பிரித்து என்ன கோளாறு என்று பார்ப்பான். இரண்டு பேரும் தென்காசிப் பக்கம். ஒரகடத்தில் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். தேறிய பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது கலைமணி. ஜோதியின் தெருக்காரி. இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருவார்கள், ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிடுவார்கள்.

முன்பெல்லாம் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. இருநூற்றைம்பது வாட் பெட்டிக்குக் கனமான டயோடும் பெரிய கெப்பாசிட்டரும் புது விசிறியும் போட்டு, உண்மையாகவே அதைப் பலப்படுத்தி அனுப்பினார்கள். இரண்டு மாதமாக விசிறி மட்டும்தான் புதிது. மற்றதை ஸ்டிக்கர் பார்த்துக்கொண்டது. நானூற்றைம்பது வாட் என்று பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்.

இன்னொன்றும் போயிற்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள்ளிருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் முந்நூறு வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். அதனால் சோதனையிலிருந்து திரும்பும் பெட்டியில் முதலில் ஒரு கட்டையில் மாட்டிய பல்பின் இரண்டு ஒயரைத் தொட்டு வைப்பார்கள். பல்பு பளிச்சென்று மின்னி அணையும். அணைந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். முதலாளி வெங்கடேசன் ஒருநாள் வந்து அந்தப் பல்பு கட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இதை வெச்சிகினு வெளக்கு ஏத்தி வெளையாடுனா ஒரு நாளைக்கு அறுபது பெட்டிதான் ஆவுது. எனக்கு நூத்திருவது வேணும்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். "ஏலே, இதப் பாரு" என்று மாசானம் ஒரு பெட்டியை நீட்டினான். அருள்பாண்டி மூடியைத் தூக்கிவிட்டு வலது கையை உள்ளே விட்டான். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். அவன் குரலே எழுப்பவில்லை. உடம்பு பின்னால் எகிறி இரும்பு அலமாரியில் மோதியது. தோள் எலும்பு முறிந்த ஓசை கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவிலும் ஜோதிக்குக் கேட்டது. உள்ளங்கையில் கருகிய சதையின் நாற்றம் வந்தது.

வெங்கடேசன் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு படப்பையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நல்ல மனுஷன்தான் என்று நாலு பேர் அப்போது சொன்னார்கள். ஜோதியும் சொன்னாள்.

மறுநாள் காலை அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டனுப்பினார். முதலில் கலைமணி போனாள். பிறகு மாசானம். அவன் வெளியே வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டே போய்ச் சோதனை மேசையில் உட்கார்ந்தான். ஜோதி அவனையே பார்த்தாள். பெட்டியை நீட்டியவன் இவன். இவனுக்குத்தான் பயம் இருக்கும். இவன் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருப்பான்.

அவள் முறை வந்தது.

"உக்காரு ஜோதி. நீ நம்ம மண்ணு. உங்கிட்ட சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன்." வெங்கடேசன் ஒரு தாளை நகர்த்தினார். "அருள்பாண்டி பைக்ல வுழுந்துட்டான். ஆஸ்பத்திரில அப்படித்தான் சொல்லியிருக்கு. நம்ம கூடத்துல ஒண்ணும் நடக்கலைன்னு எல்லாரும் ஒரு கையெழுத்து. அவ்ளோதான்."

"அவனாண்ட பைக்கே கிடையாதே சார்."

"யார்துனா ஓட்டியிருப்பான். நீ எதுக்கு அதெல்லாம் நோண்டுற?" அவர் இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். அதன் மேல்பாதியை ஒரு ஃபைல் மறைத்திருந்தது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள். கண்ணாடி இல்லாமல் மற்றவை மங்கினாலும், மாசானத்தின் கோணல் எழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். "பாரு, அவன் ஊர்க்காரனே போட்டுட்டான். வெளியூர்ப் பசங்களை நம்பிக் கெட்டுப் போவாத. நாளைக்கே பையைத் தூக்கிகினு போயிடுவானுங்க. நீதான் இங்கயே கெடக்கணும்."

மடியில் கழற்றி வைத்திருந்த கண்ணாடியை மெல்லப் புடவைக்குள் தள்ளினாள்.

"கண்ணாடி வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேன் சார். படிக்காம எப்படிப் போடுறது? நாளைக்குப் போடுறேன்."

வெங்கடேசன் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "சரி. காலைல மொத வேலை அதுதான்."

வெளியே வந்தபோது ஒன்பது தலைகள் சட்டென்று குனிந்தன. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். தென்மாவட்டத்து ஆட்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கலைமணிகூடத் தலைவலி என்று டப்பாவைத் திறக்கவில்லை.

"இன்னாடி கலை, நீ போட்டியா?" என்று ஜோதி மெதுவாகக் கேட்டாள்.

"நான் இன்னாத்துக்குப் போடுறேன்? வெளியூரானுங்கதான் போட்டுகினு கீறானுங்க" என்றாள் கலைமணி, டப்பாவின் மூடியைப் பார்த்தபடியே.

ஜோதிக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தொழிலாளிக்குக் கையில் அடிபட்டதற்கா இவ்வளவு பயம்? வேலையில் பட்ட காயம் என்று பதிவானால் அதிகாரி வருவார். வந்தால் பல்பு எங்கே என்பார். அப்படியே கடைசி மேசைக்குப் போய் ஸ்டிக்கரையும் பார்ப்பார். நானூற்றைம்பது என்று நம்பி எந்தக் குழந்தைகளின் வகுப்பறையில் இந்தப் பெட்டியை மாட்டப் போகிறார்களோ.

வேலை முடிந்ததும் நேராகப் படப்பைக்கு ஆட்டோ ஏறினாள். ஆஸ்பத்திரி வார்டில் அருள்பாண்டி சுவரில் சாய்ந்திருந்தான். வலது கை விரல் நுனிவரை கட்டு. மாசானம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான். ஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யக்கா, ரெண்டு வெரலு மடங்க மாட்டேங்கு" என்றான் அருள்பாண்டி. "நான் பைக்ல விழுந்தேனாம். நர்ஸம்மா கேக்காவ, ஹெல்மெட் போட்டியாப்பான்னு."

அவள் மாசானத்தை வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"இன்னா மாசானம், காலைல கையெழுத்து, சாய்ந்தரம் இட்லியா? மனசாட்சின்னு ஒண்ணு கீதா இல்லையா உனக்கு?"

மாசானம் திகைத்துப்போனான். பிறகு அவன் குரலும் உயர்ந்தது. "யாரு போட்டா? நான் போடல. ரெண்டு நாளு டயம் கேட்டுட்டு வந்தேன். நீங்கதான் போட்டிய. உங்க கையெழுத்த என் கண்ணால பாத்தேன்லா!"

"என் கையெழுத்தா? எனக்கு முன்னாடிதானே நீ உள்ள போன?"

"ஆமா. அப்பமே கெடந்துச்சே. மொதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? 'உள்ளூர்க்காரிய எல்லாம் போட்டாச்சு, நீ பொழைக்க வந்தவன், வம்பு வேண்டாம்'னாரு."

ஜோதி குறுக்கிட்டாள். "எங்கிட்ட, 'வெளியூரான் போட்டுட்டான்'னாரு. உன் பேர் இருந்துச்சு. நானும் கண்ணால பாத்தேன்."

இவன் பொய் சொல்கிறானோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அவனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். மருந்து வண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட அவர்களைக் கடந்து போயிற்று.

"நில்லுங்க" என்றான் மாசானம் திடீரென்று. "ஒங்க பேருக்கு அடுத்தால யாரு பேரு கெடந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க. நான் பாத்தேன். அப்பம் மண்டையில ஏறல."

ஜோதி கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாளை நினைவுக்குக் கொண்டுவந்தாள். கோணல் எழுத்து மாசானம். அதற்கு மேலே மங்கலாகக் கிடந்தது அவளுடைய பெயர்தான், இப்போது புரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கையெழுத்து, கடைசி எழுத்தை இழுத்துச் சுழித்து...

"அருள்பாண்டி" என்றாள்.

"அருள்பாண்டி!" மாசானத்தின் குரல் கரகரத்தது. "கையில கட்டுப் போட்டு இங்க கெடக்கவன் அங்க எப்படிக்கா கையெழுத்துப் போட்டான்?"

ஜோதிக்குச் சட்டென்று நினைவு வந்தது. சீருடை வாங்கிய அன்று பதினோரு பேரும் வரிசையில் நின்று பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தாள்தான் அது. மேலே இருந்த வாசகத்தைத்தான் ஃபைல் மறைத்திருந்தது. ஜோதிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"அந்தப் பெட்டிய நாந்தான் நீட்டினேன்" என்றான் மாசானம், தலையைக் குனிந்துகொண்டு. "அதைச் சொல்லித்தான் மொதலாளி என்னைப் பயங்காட்டுனாரு. போலீஸ்ல உன் பேரத்தான் குடுப்பேன்னாரு."

"பல்பை எடுத்தது யாரு? அதை முதல்ல எழுதுவோம்" என்றாள் ஜோதி. இப்போது அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வார்டுக்குள் அருள்பாண்டியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். செவ்வாய் காலை பத்து மணிக்கு என்ன நடந்தது, பல்பு கட்டை எப்போது போயிற்று, எந்தப் பெட்டிக்கு என்ன ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது, எல்லாவற்றையும். அருள்பாண்டி இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தான். மற்றவர்களுக்கு மாசானம் போன் போட்டான். ஒவ்வொரு போனிலும் முதலில் ஒரு தயக்கம். "நீதான் போட்டுட்டியே" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். கலைமணி மட்டும் போனை எடுக்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குக் கூடத்தின் கதவுக்கு வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். கம்ப்ரஸர் ஓடவில்லை. கலைமணி அவர்களைப் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்த் தன் மேசையில் உட்கார்ந்துகொண்டாள். முதல் ஆளாகக் கூப்பிடப்பட்டவள். போட்டுவிட்டாள். ஜோதிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சந்தேகத்தை எங்கெங்கேயோ இறைத்தவள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள்மேல் ஒரு துளிகூட வைக்கவில்லையே.

வெங்கடேசன் காரை விட்டு இறங்கினார்.

"இன்னா கூட்டம்? ஜோதி, நீ உள்ள வா. மத்தவங்க அப்புறம்."

"ஒவ்வொருத்தரா வர மாட்டோம் சார். பேசறதா இருந்தா எல்லாரையும் வெச்சிகினு பேசுங்க."

"ஓகோ. கேட்டுக்கு வெளிய நூறு பேர் வேலை இல்லாம சுத்துறான், தெரியும்ல?"

"அவங்களுக்கும் கை ரெண்டுதானே சார்" என்றான் மாசானம். "பல்பை மாட்டிட்டுக் கூப்பிடுங்க."

"உங்களையெல்லாம் குடும்பமா நெனைச்சேன்யா. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு இப்ப நடிக்கிறீங்களா?"

"அந்தத் தாளை எடுத்துகினு வாங்க. ஃபைலை நகத்திட்டுக் காட்டுங்க" என்றாள் ஜோதி. "அதுல அருள்பாண்டியும் போட்டுகினு கீறான். கருகின கையால. நாங்களும் பாக்கணும்."

வெங்கடேசன் ஒன்பது முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எதிலும் பிடி கிடைக்கவில்லை. ஜோதி தாங்கள் எழுதியதன் நகலை நீட்டினாள். "இது தொழிற்சாலை ஆய்வாளருக்கு. ஆஸ்பத்திரியில பதிவை மாத்தி எழுதச் சொல்லணும், பல்பு திரும்பணும், ஸ்டிக்கர்ல உள்ளதுதான் பெட்டியில இருக்கணும். அதுவரைக்கும் ஈயம் உருகாது."

அவர் அதை வாங்கவில்லை. "பாத்துக்கலாம். இன்னைக்கே உங்க பேரையெல்லாம் எடுத்துடுறேன்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வெயில் ஏறியது. தகரச் சுவரின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒன்பது பேரும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. வாடகை அறையைக் காலி செய்ய வேண்டி வருமோ என்று ஒருவன் முணுமுணுத்தான். யாரும் எழுந்து போகவில்லை.

ஒன்பது மணி வாக்கில் பக்கக் கதவு திறந்தது. கலைமணி வந்து நின்றாள். விரல் நுனிகளில் ஸ்டிக்கர் பசை காய்ந்து தோலுரிந்திருந்தது.

"யக்கா, நான்தான் போட்டேன். மொத ஆளாக் கூப்ட்டாரு. நீ அப்பவே ஒத்துகினன்னு சொன்னாரு" என்றாள்.

கூட்டத்தில் யாரோ பல்லைக் கடித்தார்கள். ஜோதி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கலைமணி உட்கார்ந்து அந்தத் தாளை வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உதடு அசைய நிதானமாகப் படித்தாள். பிறகு தன் பெயரை எழுதி, அதற்குக் கீழே இப்படிச் சேர்த்தாள்: 'நேற்று நான் போட்ட கையெழுத்து பயத்தில் போட்டது. செல்லாது.'

சாலைக்கு எதிர்ப்புறம் ஒயர் கம்பெனியின் காலை ஷிப்டு தேநீருக்கு வெளியே வந்திருந்தது. அவர்கள் வெகுநேரமாக இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பெண் சாலையைக் கடந்து வந்தாள். கட்டைவிரலில் பழைய கட்டு.

"நான் ஐஸ்வர்யா. எங்க பிரெஸ்ல போன மாசம் இப்படி ஆச்சு" என்று கட்டைக் காட்டினாள். "வூட்ல அருவாமனை வெட்டிடுச்சுன்னு எழுதிகினாங்க. நீங்க எப்படி எழுதியிருக்கீங்க? கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?"

ஜோதி தாளை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு உரக்கப் படிக்கத் தொடங்கினாள். ஐஸ்வர்யா குந்தி உட்கார்ந்து கேட்டாள். அவளுக்குப் பின்னால், கையில் தேநீர்க் கோப்பையோடு இன்னும் மூன்று பேர் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.